ஒன்பதாவது தலைவெள்ளி

1943 பிப்ரவரி 4, வியாழக்கிழமை, மாலை மணி 5.40
எண் 2: நாளைய தலைவெள்ளிக்கான ஆயத்தம்

இது மூன்றாம் முயற்சி. முதல் முயற்சி சென்ற ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி முறிந்தது. அந்தத் தலைவெள்ளி பெரிய வெள்ளியாகவும் அமைந்துவிட்டதால், கோவிலில் அன்று எவருக்கும் நற்கருணை அப்பம் கொடுக்கப்படவில்லை. அடுத்த வாரமே ஜப்பான்காரன் வருகிறான் என்று மயிலாப்பூரில் பாதி காலியாயிற்று. இரண்டாம் முயற்சி ஆகஸ்டு 7-ஆம் தேதி என் விஷக்காய்ச்சலில் முறிந்தது. மாதத்தின் முதல் வெள்ளியான தலைவெள்ளியன்று, இடைவிடாமல் ஒன்பது மாதம், சேசுவின் திரு இருதயத்தை நினைத்து நற்கருணை வாங்குகிறவன் தேவ அருளின்றிச் சாகமாட்டான் என்பது வாக்கு. ஒரு மாதம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான்.

இம்முறை ஜனவரி 1-இல் தொடங்கினோம். முடிய வேண்டிய நாள் செப்டம்பர் 3.

எனக்கு வயது 68. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள், பிறர் எழுதிய பத்திரங்களில் தேதி சரியா, சாட்சி சரியா, அடித்தல் திருத்தல்களுக்குக் கடைசியில் குறிப்பு உண்டா என்று பார்த்தவன். ஆண்டவருடைய கட்டளைகளையும் அவ்வாறே பார்த்து நடந்திருக்கிறேன். ஆயினும் (எழுதவே கூச்சமாக இருக்கிறது) அவரை ஒரு நாளும் அறிந்ததில்லை. முழந்தாளிடுகிறேன், எதிரில் சுவர். முழு இருதயத்தோடு தேடுகிறவனுக்கு அகப்படுவார் என்று பிள்ளைப் பிராயத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அகப்படவில்லை என்றால், என் இருதயத்தில் எங்கோ ஒரு மூலை கொடுக்கப்படாமல் இருக்கிறது என்றுதானே பொருள்? அந்த மூலையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும். சலுகை கேட்கிறவன் முழுமையாகத் தேடுகிறவன் அல்லன்.

என் மனைவி கிளாடிஸ் நவம்பர் 16 முதல் படுக்கையில் இருக்கிறாள். நீரிழிவு. வலது காலில் ஆறாத புண். அவளால் கோவிலுக்கு வர இயலாததால், எங்கள் கோவில் குரு ராஜநாயகம் சாமி தலைவெள்ளிதோறும் காலைப் பூசை முடிந்தபின் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருகிறார். இருவரும் சேர்ந்தே ஒன்பதையும் முடிப்போம் என்று நான்தான் சொன்னேன். கணவனும் மனைவியும் ஒரே சரீரம். அவள் பாதி மனதாக இருந்தால் நான் எவ்வாறு முழு மனதாவேன்?

நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தக் கூடாது. யுத்தத்தை முன்னிட்டுக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறார்களே, பழைய நேரப்படியே நள்ளிரவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று கோவிலில் சிலர் சொன்னார்கள். நான் புதிய நேரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் கூடுதல்.

பிப்ரவரி 5, வெள்ளி, காலை 9.20

இரண்டு முடிந்தது.

கிளாடிஸ் ஐந்து மணி முதல் நான்கு தடவை தண்ணீர் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, கிணத்தடியில சமாரியாக்காரிகிட்ட நம்ம ஆண்டவரே தண்ணி கேட்டாராமே. அவரு கேட்டா வேதம், நான் கேட்டா குத்தமா?"

வேதத்தை வைத்து விளையாட வேண்டாம் என்றேன்.

ரத்னா, அவளைக் குளிப்பாட்டிப் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலைக்காரி, கதவோரம் நின்று என்னை முறைத்தாள். "இன்னா நைனா, அம்மா நாக்கு தேங்கா நாராட்டம் கீது. நீ கடியாரத்தப் பாத்துக்கினு நிக்கிறியே."

குரலைத் தாழ்த்தச் சொன்னேன். சாமி வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

பிப்ரவரி 21, ஞாயிறு

மகள் ஐவி கோபாலபுரத்திலிருந்து வந்திருந்தாள். "அம்மா எலும்பாயிட்டாங்கப்பா" என்றாள். நோயின் இயல்பு என்றேன்.

மார்ச் 5, வெள்ளி, காலை 10.05

மூன்று முடிந்தது. ஆனால் இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

நற்கருணை கொடுத்தபின் சாமியை வழியனுப்ப வாசல்வரை சென்றேன். படியில் நின்று, அவள் மருந்து சாப்பிட்டாளா என்று கேட்டார். மருந்தென்ன, நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை, சாமி என்றேன். பெருமையோடுதான் சொன்னேன், மறைப்பானேன்.

அவர் முகம் மாறியது. "யார் அப்படிச் சொன்னது? ஒரு மாசத்துக்கு மேல படுக்கையில இருக்கிறவங்க தண்ணியோ மருந்தோ குடிச்சிட்டே நற்கருணை வாங்கலாம். திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு. நீரிழிவுக்காரங்களுக்குத் தாகம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க."

"ஆகட்டும், சாமி" என்றேன்.

சொல்லவில்லை. இரண்டு மணி நேரமாக யோசித்திருக்கிறேன். சாமிக்கு வயது முப்பத்தைந்து, இளகிய மனம். அவர் சொன்னது சட்டத்தில் இருக்கலாம், மறுக்கவில்லை. அது பலவீனருக்கான அனுமதி, கட்டளை அன்று. அனுமதியைப் பயன்படுத்தாதிருப்பதே பெரிய காணிக்கை. கிளாடிஸிடம் சொன்னால் அவள் குடிப்பாள். குடித்தால் அவளுடைய ஒன்பது வேறு, என்னுடைய ஒன்பது வேறு. எங்கள் காணிக்கை பிளவுபடும்.

அவளுடைய புண்ணியத்தை நான் காப்பாற்றுகிறேன்.

மார்ச் 29, திங்கள், மாலை 6.15

டாக்டர் சுவாமிநாதன் வந்து பார்த்தார். புண் முழங்காலை நோக்கி ஏறுகிறது. "ஜலம் மட்டும் குறைக்கப்படாது, ஓய். கேக்கறச்சே எல்லாம் குடுங்கோ. ஒடம்பு உள்ளே எரிஞ்சிண்டிருக்கு. டிசம்பர் தாண்டினா பகவான் கிருபை" என்றார். மாதத்தில் ஒரே ஓர் இரவுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் வேறு மதத்தவர், விளக்கத் தேவையில்லை.

ஏப்ரல் 2, வெள்ளி

நான்கு. அவள் இன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பக்குவம் வருகிறது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 23, பெரிய வெள்ளி, மாலை 4.50

சிலுவையில் உதடு பதித்து முத்தி செய்தேன். மரம். மரத்தின் மீது எனக்கு முன்னால் முத்தி செய்தவர்களின் ஈரம். வேறு ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் ஐந்து இருக்கின்றன.

மே 7, வெள்ளி, காலை 9.45

ஐந்து. அனல். காலையிலேயே கடற்காற்று நின்றுவிட்டது. அவளுடைய உதடு வெடித்து இரத்தம் வந்திருந்தது. நாக்கில் வைத்த அப்பத்தை அவளால் விழுங்க முடியவில்லை. அது உள் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாமி கரண்டியில் தண்ணீர் எடுத்து மூன்று தடவை ஊட்டினார்.

வாசலுக்குப் போகவில்லை; கட்டிலின் அருகிலேயே திரும்பி என்னைக் கேட்டார்: "மார்ச்ல நான் சொன்னத அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிவிட்டேன், சாமி."

இது பொய். வாயில் வந்துவிட்டது. கிளாடிஸ் கண்களை மூடியிருந்தாள், தூங்கியிருக்க வேண்டும்.

ரத்னா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "அம்மா செத்துப்போனா சாமி வந்து சொர்க்கத்துல தண்ணி தருமா நைனா?" என்றாள். வாயை மூடு என்றேன். "நீ மூட வெச்சிக்கினுதானே கீற, எல்லார் வாயையும்" என்றாள். வேறு ஆள் பார்க்க வேண்டும். ஆனால் புண்ணைத் தொட எவளும் வரமாட்டாள்.

மே 8, சனி, மாலை 6.30

ராஜநாயகம் சாமியிடம் போகாமல் வேறொரு கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்: ஒன்று. கோபம்: இரண்டு. பொய் யாரிடம், எதைப்பற்றி என்று அந்தச் சாமி கேட்கவில்லை. கேட்கப்படாததைச் சொல்வது விதியன்று.

ஜூன் 4, வெள்ளி, காலை 11.10

எனக்கு ஆறு முடிந்தது. அவளுக்கு முறிந்தது.

பூசையிலிருந்து 7.05-க்கு வீடு திரும்பினேன். மேசையில் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாம் நேற்றே ஒழுங்குசெய்திருந்தேன். கட்டிலின் கீழே டம்ளர், அடியில் ஈரம்.

"குடித்தாயா?"

"குடிச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"விடிஞ்சப்புறம்."

அவ்வளவுதான். மறைக்க முயலவில்லை, வருந்தவுமில்லை. என்னை நேராகப் பார்த்தாள், ஏதோ எதிர்பார்ப்பவள்போல. மன்னிப்பை எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அதற்குள் தெருவில் மணிச்சத்தம். கோவில் உபதேசியார் கைமணி அடித்துக்கொண்டு முன்னே வர, சாமி நற்கருணையை நெஞ்சோடு அணைத்துப் பின்னே வந்தார். நான் வாசற்படியில் மறித்து நின்றேன். "இன்று அவள் ஆயத்தமாக இல்லை, சாமி." நற்கருணையை ஏந்தி நடக்கும் குரு வழியில் எவரோடும் பேசுவதில்லை. அவரால் என்னை எதுவும் கேட்க முடியவில்லை. திரும்பினார். மணிச்சத்தம் போயிற்று. நான் உள்ளே வந்து மெழுகுவர்த்திகளை அணைத்தேன்.

நான் செய்தது சரி. முழுமையாகக் கொடுக்காததை முழுமை என்று ஆண்டவர் முன் வைப்பது ஏமாற்று. 

அவள் அயர்ந்து போகக்கூடாது என்பதற்காக ஒரு தாளில் புதிய கணக்கை எழுதிக் கொடுத்தேன்: ஜூலை 2, ஆகஸ்டு 6, செப்டம்பர் 3, அக்டோபர் 1, நவம்பர் 5, டிசம்பர் 3, ஜனவரி 7, பிப்ரவரி 4, 1944 மார்ச் 3. ஒன்பது. வாசித்தாள். "டாக்டர் டிசம்பர்னாரே" என்றாள். தாளை நாலாக மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 20, ஞாயிறு

பதினாறு நாட்களாக என்னோடு பேசவில்லை. ரத்னாவோடு பேசுகிறாள், சிரிப்புக்கூடக் கேட்கிறது. நான் நுழைந்தால் நின்றுவிடுகிறது.

ஜூலை 2, வெள்ளி, காலை 9.30

எனக்கு ஏழு. நேற்று மாலை, நாளை புதிதாகத் தொடங்கலாம் என்று நினைவூட்டினேன். "நீங்க முடிச்சிட்டு வாங்க" என்றாள், சுவரைப் பார்த்து. பிடிவாதம். நோயாளியின் பிடிவாதத்துக்கு நான் பொறுப்பாளி அல்லேன்.

பூசையில் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு எதிரில் சுவர், அவளுக்கும் சுவர்.

ஆகஸ்டு 6, வெள்ளி, காலை 10.30

எட்டு.

பூசைக்குப்பின் சாமி என்னைப் பீடத்துக்குப் பின்னாலுள்ள சக்கிரீஸ்து அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். சென்ற மாதம் இரண்டு தடவை, நான் வெளியே சென்றிருந்த நேரத்தில், அவளை வந்து பார்த்திருக்கிறார். எந்த நாளிலும் நற்கருணை கொண்டுவருகிறேன் என்றாராம். அவள் மறுத்திருக்கிறாள்.

"அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: 'அவர்கிட்டேருந்து ஒரு வார்த்தை வரணும் சாமி. வந்தப்புறம் வாங்கிக்கிறேன்.' என்ன வார்த்தை?"

"எனக்குத் தெரியாது, சாமி."

"உங்களுக்குத் தெரியாத வார்த்தையை உங்ககிட்ட எதிர்பார்க்கிறவங்க இல்ல அவங்க."

கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். ஜூன் 4-க்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நற்கருணையைப் பணயமாக வைத்து என்னோடு பேரம் பேசுகிறாள். இது பாவம் என்பதை அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஆகஸ்டு 31, செவ்வாய்

புண் தொடையை எட்டிவிட்டது. அறையில் வாடை. டாக்டர் இன்று டிசம்பரைப் பற்றிப் பேசவில்லை. "பொண்ணுக்குச் சொல்லி அனுப்பிடுங்கோ" என்றார்.

அவள் மே 7-க்குப் பிறகு நற்கருணை வாங்கவில்லை. இந்நிலையில் போய்விட்டால்? அது என் கணக்கில் எழுதப்படுமா? நாளை மறுநாள் கழித்து ஒன்பதாவது. மனசாட்சியில் ஒரு கீறலும் இல்லாமல் போக வேண்டும்.

செப்டம்பர் 2, வியாழன், மாலை 5.25

சொன்னேன். மணி 4.10.

முதலில் ரத்னாவை வெளியே அனுப்பினேன். நாற்காலியைக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தேன். எழுதிவைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். "கிளாடிஸ், மார்ச் 5-ஆம் தேதி சாமி வாசலில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார்."

"தண்ணி குடிக்கலாம்னு" என்றாள்.

தாள் என் கையிலிருந்து விழுந்தது.

"என் தலைமாட்டுலதானே ஜன்னல். படியில நின்னு பேசினா எனக்குக் கேக்காதா?"

"தெரிந்துமா குடிக்காமல் இருந்தாய்?"

"நீங்க வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். ஏப்ரல்ல சொல்வீங்கன்னு நெனச்சேன். மே மாசம் சாமி என் முன்னாலயே கேட்டாரு. சொல்லிட்டேன்னீங்க. நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "ஜூன்ல வேணும்னுதான் குடிச்சேன். டம்ளரக்கூட மறைக்கல. இப்பவாச்சும் சொல்லிடுவாரு, என் சாமிய வாசலோட திருப்பி அனுப்பமாட்டாருன்னு. மணிச்சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

நான் ஏதோ சொன்னேன். காணிக்கை, முழு மனது, ஒரே சரீரம் என்று. அவள் கேட்டுக்கொண்டாள். முடிக்கவிட்டாள்.

பிறகு கேட்டாள்: "நாளைக்கு உங்களுக்கு ஒம்பதாவது. அதுக்காகத்தான் இப்ப சொல்றீங்களா?"

வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஒன்பதாவதுக்கு முந்தைய நாள் பொய். ஆம் என்று சொன்னால்... இதைத்தான் அப்போதும் எண்ணினேன், இதைத்தான். அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, எந்தப் பதில் சொன்னால் நாளைக்கு நற்கருணை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்.

என்ன செஞ்சிட்டேன். என்ன செஞ்சிட்டேன் நான்.

"சரி" என்றாள். "ரத்னா, தண்ணி கொண்டா."

முழு டம்ளரும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். ரத்னா அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். என்னிடம் கேட்கவில்லை.

செப்டம்பர் 3, வெள்ளி, காலை 10.50

ஆறு மணிப் பூசைக்குச் சென்றேன். நள்ளிரவு முதல் உபவாசம், குறையில்லை. மணி அடித்தபோது எல்லோரும் எழுந்து நற்கருணை வாங்கப் பீடத்தின் முன் கிராதிக்குச் சென்றார்கள். நான் கடைசிப் பெஞ்சிலேயே முழந்தாளில் இருந்தேன். தாழ்மையால் அல்ல. அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் நாவை நீட்ட முடியவில்லை.

எட்டு.

தாமதித்து வீடு திரும்பியபோது உபதேசியாரும் சாமியும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். ரத்னா சொல்லி அனுப்பியிருக்கிறாள். வாசலில் குறுக்கே கையை நீட்டி என்னை நிறுத்தினாள். "உள்ள வராத நைனா. நீ வெளியவே இருக்கணுமாம். அம்மா சொல்லிச்சு."

ஜூன் 4-இல் நான் நின்ற அதே படி. கிளாடிஸ் சொன்னது உண்மை. அங்கிருந்து எல்லாம் கேட்கிறது. லத்தீன் செபம் கேட்டது. தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு கிளாடிஸ் அழுதாள். துக்கத்தில் அழுவது எனக்குத் தெரியும், நாற்பத்தோரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. நான் ஜனவரியிலிருந்து எதற்காக முழந்தாளிட்டேனோ அது அந்த அறைக்குள் வந்திருந்தது. நான் தெருவில் நின்றேன். பால்காரன் என்னை விலகச் சொன்னான்.

செப்டம்பர் 5, ஞாயிறு, பிற்பகல் 3.30

ஐவியும் மருமகன் வில்லியமும் ஜட்காவில் மெத்தை விரித்து அவளைக் கோபாலபுரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வண்டி அசைந்தபோது வலியில் கத்தினாள். ரத்னா கூடவே போய்விட்டாள்.

ஐவி மட்டும் திரும்ப உள்ளே வந்தாள். "என்ன பண்ணீங்கப்பா? அம்மா வாயத் திறக்கமாட்டேங்கறாங்க. கேட்டா, 'அவரே எழுதுவாரு'ங்கறாங்க."

எழுதுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 12, ஞாயிறு

ஐவியிடமிருந்து அஞ்சலட்டை. அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போகிறது. அங்குள்ள சாமி தினமும் நற்கருணை கொண்டுவருகிறார். 'நீங்கள் இப்போது வரவேண்டாம். எழுதுவதாகச் சொன்னீர்களே.'

ஏழு தாள் எழுதிக் கிழித்தேன்.

செப்டம்பர் 19, ஞாயிறு, மாலை மணி 6.00

இன்று அனுப்பியதன் நகல்:

அன்புள்ள ஐவிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் தனித் தாளில் இருக்கிறது. வில்லியமும் வாசிக்கலாம். வாசித்தபின் என்னை வரச்சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். வரச்சொன்னால் அறைக்குள் வரமாட்டேன். அம்மா அழைத்தால் தவிர. அம்மா செப்டம்பர் 2 அன்று என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் 'ஆம்' என்பதே. அவளுக்குப் புரியும் நேரமாகப் பார்த்து அதைச் சொல். வருகிற அக்டோபர் 1 தலைவெள்ளி. கோவிலுக்குப் போவேன். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை.

உன் தகப்பன்,
ஆம்ப்ரோஸ்

இத்துடன் அனுப்பியவை:

1. அம்மாவின் மூக்குக்கண்ணாடி, உறையுடன்.

2. பழைய பருத்திச் சேலை இரண்டு, துவைத்தது. புண்ணுக்குக் கிழித்துக் கட்ட.

3. அம்மாவின் ஞானஸ்நானச் சான்று, எங்கள் விவாகச் சான்று. அங்குள்ள கோவில் பதிவேட்டுக்குக் கேட்பார்கள்.

4. மேலே சொன்ன தனித் தாள், என் கையெழுத்தில், இரண்டு பக்கம். இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில் அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று: 'சொல்ல மறந்துவிட்டேன்' என்பது அடிக்கப்பட்டு, 'சொல்லவில்லை' என்று எழுதப்பட்டிருக்கிறது.